கடைசித் துளை

லேப்டாப்பில் இருந்தவை இரண்டு துளைகள். வசுமதி சொருக வேண்டியவை ஆறு. இந்தக் கணக்கு அவளுக்கு மட்டுமல்ல, திருப்பூரில் வீட்டிலிருந்தபடி செக்கிங் பார்க்கிற அத்தனை பேருக்கும் உதைத்தது. லேப்டாப் செய்கிற புண்ணியவான்கள் வருஷத்துக்கு ஒரு துளையாக அடைத்துக்கொண்டே வந்து, எவ்வளவு மெலிசாக இருக்கிறது பாருங்கள் என்று பெருமை வேறு அடித்துக்கொண்டார்கள். மெலிசாக இருந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். வசுமதி கேட்கமாட்டாள். அவள் வாய் திறந்து கேட்கிற ரகம் இல்லை.

செக்கிங் என்றால் துணியில் குறை பார்ப்பது. ஓட்டை, எண்ணெய்க் கறை, நூல் விட்டுப்போன இடம். பதினெட்டு வயதில் பனியன் கம்பெனி மேசைக்கு வந்தபோது வசுமதி கையால் தடவிப் பார்த்தாள். ஐம்பதைத் தாண்டிய இப்போதும் கையால்தான் தடவுகிறாள். துணி மட்டும் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே ஒரு இயந்திரக் கை துணியைத் தடவும். அது உணர்வதை இங்கே அவள் மாட்டியிருக்கும் கையுறை விரல் நுனிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஆக, கையுறை ஒன்று. துணியைக் காட்டும் பெரிய திரை இரண்டு. தையல் மெஷினில் இருப்பதுபோல் காலால் அழுத்தித் துணியை நகர்த்தும் மிதி மூன்று. அவள் கண் துணிமேல் இருக்கிறதா, வேறெங்காவது மேய்கிறதா என்று கம்பெனிக்குக் கோள் சொல்லும் கவனக் கண் நான்கு. சார்ஜர் ஐந்து.

ஆறாவது, அவள் கணவர் நல்லசிவத்தின் குரல்.

நல்லசிவம் அதே கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு வந்து, வலது கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. புத்தி அப்படியே இருந்தது. பேச்சு மையத்தில் அவருக்கு ஒரு குரல்பெட்டியை இரவல் கொடுத்தார்கள். கழுத்தில் ஒரு பட்டை ஒட்டிக்கொள்ள வேண்டும். அவர் பேச நினைத்தால் தொண்டை நரம்பு துடிக்கும். உதடுகூட அசைய வேண்டியதில்லை. அந்தத் துடிப்பை லேப்டாப் சொல்லாக மாற்றும், சின்ன ஸ்பீக்கர் பேசும். கம்பியில்லாமல் விட்டால் பத்து சொல்லில் மூன்றை முழுங்கிவிடும் என்பதால் மேசையிலிருந்து அவர் நாற்காலி வரை ஐந்து மீட்டர் கேபிள் ஓடியது. வசுமதி நாளுக்கு நாற்பது தடவை அதைத் தாண்டித்தான் நடந்தாள்.

பழைய குரல் பதிவு இருந்தால் கொண்டுவாருங்கள், அதே குரலில் பேச வைத்துவிடலாம் என்று மையத்தில் சொல்லியிருந்தார்கள். வசுமதி வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினாள். கல்யாண வீடியோவில் மனிதர் வாயே திறக்கவில்லை. கிடைத்ததெல்லாம் துணி பின்னுகிற நிட்டிங் ஷெட்டுக்குள் நின்று அவர் போனில் பேசியவை. நாற்பது மெஷின் ஓடுகிற இடத்தில் யார் மெதுவாகப் பேசுவார்கள்? அதனால் நல்லசிவத்துக்குக் கிடைத்த புதுக் குரல் காப்பி கேட்டாலும் கத்தித்தான் கேட்டது. “ஏம்புள்ள, கேக்குதா? காப்பி” என்று அது முழங்க, பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல் வாரம் பதறி எட்டிப் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. வசுமதிக்கு அந்தக் கத்தல் பிடித்திருந்தது. வீட்டுக்குள் திரும்பவும் மெஷின் ஓடுகிற மாதிரி இருந்தது.

ஆனால் வேலை நேரத்தில் துளை போதவில்லை. கம்பெனி கொடுத்த நாலு வழி பிளக் ஒரு துளையை அடைத்துக்கொண்டு திரை, மிதி, கவனக் கண், சார்ஜரைத் தாங்கியது; கையுறைக்கும் குரலுக்கும் மிச்சம் ஒரே துளைதான். காலை ஒன்பது மணிக்கு அவள் குரல்பெட்டியைப் பிடுங்கிவிட்டுக் கையுறையைச் சொருகுவாள். மாலை ஆறுக்குக் கையுறையைப் பிடுங்கிவிட்டுக் குரலைச் சொருகுவாள். நடுவில் ஒன்பது மணி நேரம் அந்த மனிதர் ஊமை. இதைப் பார்த்துக்கொண்டு வசுமதியால் இருக்க முடியவில்லை. ஒரு துளையைப் பல துளையாக்கும் ஹப் ஒன்றை வாங்கிவிடுவது என்று முடிவு செய்து அவரையும் அழைத்துக்கொண்டு ஜாபர் கடைக்குப் போனாள்.

ஜாபர் இரண்டு தெரு தள்ளிக் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருப்பவர். நாற்பது வயது, பொறுமைசாலி. அவர் கண்ணாடி மேசைமேல் இரண்டு ஹப்பை எடுத்து வைத்தார். ஒன்று தடிமனாக, கறுப்பாக, அழகில்லாமல் இருந்தது. இன்னொன்று வெள்ளை, ஏழு துளை, ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு குட்டி விளக்கு. இரண்டுக்கும் தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டும், லேப்டாப்பை உறிஞ்சாது என்று விளக்கினார். கறுப்பு எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கு போடும். ஆறும் ஒன்றாக இழுத்தால் ஆறுமே கொஞ்சம் திணறும்.

“வெள்ளை அப்படி இல்லீங்க்கா. அது கத்துக்கும். உங்களுக்கு எது முக்கியம்னு பத்து நாள் பாத்துட்டு, அதுக்கு முன்னுரிமை குடுக்கும். ஆபீஸ்காரங்க எல்லாம் இதுதான் வாங்கறாங்க. தேவையில்லாத மணிச் சத்தத்தை எல்லாம் அதுவே அமுக்கிரும்.”

நல்லசிவம் இடது கையால் கறுப்பைத் தொட்டுக் காட்டினார். மடியிலிருந்த சிலேட்டில் மெதுவாக, கோணல் எழுத்தில் ‘சாதா’ என்று எழுதினார். வாழ்நாள் முழுக்க ஷெட்டுக்குக் கரண்ட் லோடு பிரித்துக் கொடுத்த மனிதர். சமமாகப் பிரிப்பதில்தான் அவருக்கு நம்பிக்கை. வசுமதி யோசித்தது வேறு. கையுறை ஒரு நொடி திணறினால் ஒரு ஓட்டை அவள் விரலுக்குத் தெரியாமல் போய்விடும். போன மாதம் அப்படி இரண்டு போயிருந்தது. மூன்றாவது போனால் வேலையில் வைத்திருப்பார்களா என்பதே சந்தேகம். அவள் வெள்ளையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். நல்லசிவம் சிலேட்டைத் துடைத்தார்.

முதல் பத்து நாள் கொண்டாட்டம்தான். கையுறை ஒரு தடவைகூடத் திணறவில்லை. முதுகுக்குப் பின்னால் நாள் முழுக்கக் குரல் முழங்கியது. தண்ணி என்று குரல் வந்தால் வசுமதி எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து உட்காருவாள். ஜன்னலைச் சாத்து என்றால் சாத்துவாள். சரி, இதோ, உம் என்று அவளிடமிருந்து ஒரு வார்த்தை வராது.

இது அவர்களுடைய பழைய பழக்கம். ஷெட்டில் எதையாவது கேட்கிறவர் கத்தித்தான் ஆகவேண்டும்; பதிலுக்கும் கத்திக்கொண்டிருக்க யாருக்குத் தெம்பு? டெஸ்டர் கேட்டால் டெஸ்டர் கைக்கு வரும். அதுதான் பதில். கல்யாணமாகி வீட்டுக்கு வந்த பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று மாமியார் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். நல்லசிவம் ஒருநாளும் கேட்டதில்லை. தான் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. சொன்னது நடந்துவிடும்.

மூன்றாம் வாரத்திலிருந்து குரல் குறைந்தது. முதலில் சின்னச் சின்ன நச்சரிப்புகள் நின்றன. பிறகு ஒரு முழுக் காலை சத்தமில்லாமல் போனது. ஒருநாள் மாலை வசுமதி திரும்பிப் பார்த்தபோது அவர் சொம்பு காலியாக, உதடு காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஏன் கேட்கவில்லை என்று அவளுக்குக் கோபம் வந்தது. இந்த மாதிரி வாதம் வந்தவர்களுக்கு மனச் சோர்வு வரும், பேச்சையே வெறுத்துவிடுவார்கள் என்று மையத்தில் முன்பே எச்சரித்திருந்தார்கள். அது வந்துவிட்டது என்றே அவள் நினைத்தாள்.

அப்படி நினைக்க அவளிடம் சாட்சியும் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு சிவப்புத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நல்லசிவம் தட்டுத்தடுமாறி எழுந்து வந்து ஹப்பிலிருந்து குரல்பெட்டியின் கேபிளைப் பிடுங்கினார். அதோடு நிற்காமல் கையுறை கேபிளிலும் கை வைத்தார். கையுறை செத்தது, துணி ஓடியது, கவனக் கண் மணி அடித்தது. வசுமதி பதறிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டாள். அதைத் தொடாதீங்க என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள். அவர் போய் உட்கார்ந்தார். தன் குரலைத் தானே பிடுங்கிப் போடுகிற அளவுக்கு மனிதருக்கு வெறுத்துவிட்டதே என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டே துணி பார்த்தாள்.

அந்த வாரம் சிலேட்டில் இரண்டு தடவை ‘ஹப் மாத்து’ என்று எழுதிக் காட்டினார். கறுப்பை வாங்கவில்லை என்ற கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று வசுமதி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிடித்த பிடியில் நிற்கிற மனிதர்தானே. மூன்றாவது தடவை அவர் எழுதவில்லை. பிறகு பசி, மாத்திரை, பாத்ரூம் தவிர சிலேட்டில் எதுவும் வரவில்லை.

சனிக்கிழமை மாலை பேச்சு மையத்திலிருந்து லிடியா மேடம் கூப்பிட்டார். நல்லசிவத்துக்குப் பயிற்சி கொடுக்கிறவர் அவர்தான். குரல்பெட்டி ஒரு நாளைக்கு எத்தனை வாக்கியம் பேசுகிறது என்ற பதிவு தானாக அங்கே போய்விடும். குறைந்தது முப்பது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டை நரம்பு பழக்கம் விட்டுத் தூங்கிவிடும், பிறகு எந்தப் பெட்டியாலும் எழுப்ப முடியாது. நல்லசிவத்தின் பதிவில் நாளுக்கு நாலு, மூன்று என்று இருந்தது. போன வாரம் முழுக்க ஒன்றுமே இல்லை.

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குதும்மா. ஆனா ஒரு கணக்கு டீச்சர் எட்டு மாசமா இந்தப் பெட்டிக்குக் காத்திட்டு இருக்காங்க. பேசாத வீட்டுல வெச்சுட்டு, பேசத் துடிக்கறவங்களுக்கு இல்லைன்னு சொல்ல என்னால முடியல. திங்கக்கிழமை பத்து மணிக்குக் கொண்டாந்துருங்க.”

வசுமதி போனை வைத்தாள். எழுந்து போய் அவர் சொம்பில் தண்ணீர் நிரப்பி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. கவனக் கண் மூடியிருந்தது. காலைச் சாப்பாடு முடிந்ததும் வசுமதி அவர் முன்னால் போய் நின்றாள். நாளைக்குப் பெட்டியைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று சொன்னாள். அவர் அவளையே பார்த்தார். கழுத்துப் பட்டைக்கு அடியில் நரம்பு துடித்தது. ஸ்பீக்கரில் சத்தமே இல்லை.

“உங்களுக்கு இது வேண்டாமுங்களா?” என்று கேட்டாள்.

நல்லசிவம் தலையைப் பலமாக இடமும் வலமும் ஆட்டினார்.

வேண்டாம் என்கிறார். அவ்வளவுதான். வசுமதி அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் சிலேட்டின்மேல் குனிந்திருந்தார். அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் அவள் நேராக மேசைக்குப் போய், ஏழாவது துளையிலிருந்து குரல்பெட்டியின் கேபிளை உருவினாள். அந்தத் துளையின் விளக்கு மட்டும் மஞ்சளாக இருந்ததை அப்போதுதான் கவனித்தாள். மற்றதெல்லாம் பச்சை.

லேப்டாப் திரையில் ஒரு கட்டம் வந்தது. ‘இந்தத் துளையில் நிறுத்தி வைக்கப்பட்டவை 1140. அழித்துவிடலாமா?’

அவசரக்காரியாக இருந்திருந்தால் ஆமாம் என்று அழுத்திவிட்டுப் போயிருப்பாள். ஆனால் முப்பத்து மூன்று வருஷம் குறை பார்த்த கண். எழுதியிருப்பதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்காமல் அதை நகர்த்தமாட்டாள். ஆயிரத்து நூற்று நாற்பது என்ன? எதை நிறுத்தி வைத்திருக்கிறது? அவள் கேபிளைத் திரும்பச் சொருகிவிட்டு ஜாபருக்குப் போன் போட்டாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், நல்லசிவம் சிலேட்டை நீட்டிக்கொண்டிருந்தார். ‘வேணும்’ என்று இருந்தது. கடைசி எழுத்து முடியாமல் கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தது.

ஜாபர் செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் வந்தார். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி ஹப்பின் குறிப்புகளைத் திறந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது.

“அக்கா, அண்ணன் பேசுனா நீங்க என்ன பதில் சொல்லுவீங்க?”

“பதில் என்ன தம்பி. எந்திரிச்சுப் போய்க் கேட்டதைக் குடுப்பேன்.”

ஜாபர் தலையில் கை வைத்துக்கொண்டார். “இதுக்கு ஒரு சின்னக் காது இருக்குதுங்க்கா. மேசையில இருக்கற ஒவ்வொண்ணும் உங்களைக் கூப்புடறப்ப நீங்க பதில் குடுக்கறீங்களான்னு பாக்கும். கையுறை இழுத்தா விரலை அசைக்கறீங்க. கவனக் கண் மணி அடிச்சா பட்டனை அமுத்தறீங்க. அதெல்லாம் பதில். அண்ணன் பேசுனா உங்க வாயில இருந்து ஒரு சத்தமும் இல்ல, மேசைய விட்டு எந்திரிச்சும் போயிடறீங்க. அது என்ன எழுதி வெச்சிருக்குது பாருங்க. தொந்தரவு தாங்காம எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னு எழுதியிருக்குது. அதுவும் ஒரே கத்தலான குரல். ஆபீஸ் மேசைக்குப் பண்ணுன பொருளுங்க இது. யாரும் மதிக்காத சத்தம்னு நெனச்சு அமுக்கி வெச்சிருச்சு.”

“அப்போ அவரு பேசிட்டுத்தான் இருந்தாருங்களா?”

“தெனமும்.”

வசுமதி அந்த மஞ்சள் விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஓடி ஓடிச் செய்ததையெல்லாம் அவருக்கு எதிராகவே எழுதி வைத்திருக்கிறது இந்த வெள்ளைச் சனியன். தண்ணீர் கொடுக்க எழுந்த ஒவ்வொரு தடவையும் அவர் குரலில் ஒரு பிடி மண்ணைப் போட்டிருக்கிறாள். செய்தது எவனுக்குத் தெரிகிறது, சொன்னால்தான் கணக்கு என்று உலகம் முழுக்க மாறிவிட்டதுபோல அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

இதற்கு இரண்டு வழி இருப்பதாக ஜாபர் சொன்னார். ஹப்பை மொத்தமாகத் துடைத்துவிட்டால் இரண்டு நிமிஷத்தில் எல்லாம் புதிதாகிவிடும். ஆனால் நிறுத்தி வைத்த வாக்கியங்கள் போய்விடும், மையத்துக்கும் கணக்கு போய்ச் சேராது. இல்லையென்றால் ஒவ்வொன்றாகப் பேசவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுக்க வேண்டும். அப்போது அவர் எந்தத் தேதியில் பேசினாரோ அந்தத் தேதியிலேயே பதிவாகிவிடும். ஹப்பும் பாடம் கற்றுக்கொள்ளும்.

“பதில்னா பெருசா ஒண்ணும் வேண்டாமுங்க்கா. ஒரு உம் போதும்.”

வாசல் வரை போன ஜாபர் அங்கேயே நின்றார். இந்த வெள்ளையில் இதுவரை நூற்று அறுபது விற்றிருப்பதாகவும், குறை என்று வந்து கேட்ட முதல் ஆள் அவள்தான் என்றும் சொன்னார். மற்ற நூற்று ஐம்பத்தொன்பது வீட்டில் எதை அமுக்கி வைத்திருக்கிறதோ, யாரும் கவனிக்கவே இல்லையோ என்று தனக்குள் பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டார்.

“எங்கூட்டு மேசையிலயும் ஒண்ணு இருக்குது. மகளோட ரூம்ல இருந்து கூப்புடற மணிய அதுலதான் சொருகியிருக்கேன். ரெண்டு மாசமா அவ கூப்புடறதே இல்ல. பெரிய புள்ளையாயிட்டான்னு நெனச்சோம்.”

அவர் போன வேகத்தில் கேட் மூடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

வசுமதி மேசை நாற்காலியை இழுத்து நல்லசிவத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு முதல் வாக்கியத்தைத் திறந்துவிட்டாள். வெகுநாளுக்குப் பிறகு அந்தக் குரல் வீடு அதிர முழங்கியது.

“தண்ணி தீந்துபோச்சு.”

“உம்” என்றாள் வசுமதி. அவள் காதுக்கே அது புதுசாக இருந்தது.

“ஃபேனை ரெண்டுல வை.” உம். “ரசம் நல்லா இருக்குது.” உம். “அந்தச் சிவப்புத் துணியில மூணாவது மடிப்புல ஒரு ஓட்டை போகுது, பாரு புள்ள, பாரு.” அதற்கு உம் சொல்ல அவளுக்கு நேரமானது. அந்த ஓட்டை போய்த்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை கம்பெனியிலிருந்து எச்சரிக்கை வந்தது. பின்னால் உட்கார்ந்து அவளுக்காகவும் அவர் குறை பார்த்திருக்கிறார். “ஒயரைப் பிடுங்குனது வேற துளைக்கு மாத்தறதுக்குத்தான். கையுறையோட எடத்துல போட்டா என்னையும் மதிக்கும்னு பாத்தேன்.” உம். “கோவமா?” உம். “ஏம்புள்ள, எம்மேல கோவமா?” அப்படி ஒன்பது தடவை கேட்டிருந்தார். ஒன்பதுக்கும் அவள் உம் கொட்டிவிட்டு, இல்லை என்று தலையையும் ஆட்டினாள்.

“இந்த ஹப்புதான் என்னைய அமுக்குது. இதைச் சொன்னா இதையும் அமுக்கிரும். தெரிஞ்சேதான் சொல்றேன்.”

மத்தியானம் சோற்றைப் பிசைந்து அவருக்கு ஊட்டிக்கொண்டு, தானும் சாப்பிட்டுக்கொண்டு, வாயில் சோற்றோடு உம் கொட்டினாள். நல்லசிவம் தன் பழைய பேச்சைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். சில இடத்தில் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐந்நூறு தாண்டிய பிறகு வாக்கியங்கள் மாறின. யாருக்கும் கேட்காது என்று தெரிந்த பிறகும் மனிதர் விடவில்லை. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று தினமும் முப்பதை முடித்திருக்கிறார். சொல்ல விஷயம் இல்லாத நாளில் ஷெட்டில் இருந்த நாற்பது மெஷினையும் வரிசையாகச் சொன்னார், எந்த மெஷினுக்கு எந்த ஃபியூஸ் என்று சொன்னார். கடைசியில் எண்ணிக்கையாகவே போனது. “இருபத்தெட்டு. இருபத்தொம்பது. முப்பது. இன்னிக்கு ஆச்சு.” அந்த எண்களுக்கெல்லாம் வசுமதி ஒன்றுவிடாமல் உம் கொட்டினாள். கண்ணீர் தன் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

நடுநடுவே, கேட்க ஆளில்லாத தைரியத்தில் சொன்னவையும் வந்தன. அவள் தூங்கும்போது வலது கையை அவள்மேல் போட முடியவில்லையே என்று ஒன்று. தான் முதலில் போய்விட்டால் அவள் யாரிடம் பேசாமல் இருப்பாள் என்று ஒன்று. தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று வந்தபோது நல்லசிவம் இடது கையை நீட்டி லேப்டாப்பை மூடப் பார்த்தார். வசுமதி விடவில்லை.

“நீ செக்கிங்குக்கு வந்த மொத வாரம் உன்ற மேசைக்கு மேல டியூப் லைட் எரியலைன்னு என்னையக் கூப்புட்டாங்க. எரியாமப் பண்ணுனதே நாந்தான்.”

வசுமதி வாயைப் பொத்திக்கொண்டாள். ஹப் காத்துக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு உம் வந்தது, பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாக.

ஐந்து மணிக்கு ஒரே ஒரு வாக்கியம் மிச்சம் இருந்தது. அன்று காலை, வேண்டாமுங்களா என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போன நிமிஷத்தில் சொன்னது. அவள் அதைத் திறந்துவிட்டாள்.

“வசு, கேக்குதா?”

நாள் முழுக்க ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது உம் சொன்ன வாய்க்கு இப்போது உம் வரவில்லை. உம் என்றால் போதாது என்று இருந்தது. அவள் லேப்டாப்பைக் கீழே வைத்துவிட்டு அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

“கேக்குதுங்க” என்றாள். பிறகு, முப்பது வருஷக் குடித்தனத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். “அந்த டியூப் லைட்டை நீங்க ஸ்டூல் போட்டு ஏறித் திருகி விட்டதை நான் அன்னிக்கே பாத்தேனுங்க. டீ குடிக்கப் போறப்பக் கண்ணாடி வழியாத் தெரிஞ்சுது. மேஸ்திரி கேட்டாரு, யாரு கை வெச்சதுன்னு. நான் வாயே தொறக்கல. சரி பண்ண நீங்கதானே வருவீங்க.”

சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் நிறுத்தத் தோன்றவில்லை. அன்று அவர் போட்டிருந்த நீலச் சட்டையைப் பற்றிச் சொன்னாள், அதில் இரண்டாவது பட்டன் இல்லாததைச் சொன்னாள், அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு அழுததைச் சொன்னாள். மேசையில் ஏழாவது விளக்கு மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியதை அவள் பார்க்கவில்லை.

அவர் கழுத்துப் பட்டைக்கு அடியில் நரம்பு துடித்தது. நாற்பது மெஷினுக்கு நடுவே நின்று கத்துகிற அதே குரலில், தெருமுனை வரை கேட்கும்படி, ஸ்பீக்கர் சொன்னது:

“உம்.”

வசுமதி மேலே சொல்லத் தொடங்கினாள்.